நீலப் படகில் தம்பியின் கை

பெயிண்ட் அடித்த படகில் விழுந்த கீறலை யாராலும் எடுக்க முடியாது. எடுத்துவிட்டோம் என்று சொல்லுவோம், படகுக்காரரும் தடவிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போவார். உண்மையில் நாங்கள் செய்வது வேறு. கீறல் எவ்வளவு ஆழமோ அந்த ஆழத்துக்குச் சுற்றியிருக்கிற நல்ல பெயிண்டைத் தேய்த்து இறக்கிவிடுவோம். அப்புறம் பளபளப்பு ஏற்றினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கல்யாணமான புதிதில் இதைத் தெரிந்துகொண்டபோது, ஊரை ஏமாற்றுகிற தொழிலாக இருக்கிறதே என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நீ குழம்புல உப்பு கூடிப் போனா தண்ணி ஊத்துதியே, அது என்னவாம்?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார்.

ஊரைவிட்டு வந்து வடக்கே குடியேறியவர்கள் நாங்கள், வீடு செம்பூரைத் தாண்டிச் சீத்தா கேம்பில். வேலை, காடி என்று இங்கே சொல்கிற கடற்கழியின் கரையில் மேலேற்றி நிறுத்துகிற படகுகளில். வீட்டுக்காரர் பெயிண்ட் அடிப்பார். என் தம்பி பளபளப்பு ஏற்றுகிற பஃபிங் மெஷின் பிடிப்பான். மெஷின் படக்கூடாத இடங்களில் டேப் ஒட்டுவதும், முடிந்தபின் துணியால் துடைத்து எடுப்பதும் என் பங்கு. இப்போது மெஷினும் என் கையில்தான். பொம்பளை மெஷின் பிடிக்கலாமா என்று எங்கள் சந்தில் ரெண்டு பேர் கேட்டார்கள். மிக்ஸி ஓட்டலாம், கிரைண்டர் ஓட்டலாம், இது மட்டும் ஆகாதாம். போங்கடா என்று விட்டுவிட்டேன்.

என் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. உம்மாவுக்குக் குர்ஆன் ஓத வரும், தமிழ் எழுத்து தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தம்பி இடது கைக்காரன். எங்கள் வீட்டில் அது சின்ன விஷயமில்லை. சோற்றில் இடது கை போனால் உம்மா அகப்பையால் ஒரு போடு போடுவாள். சாப்பாட்டு நேரத்தில் அவனுடைய இடது கையைத் தன் முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடைசியில் சாப்பிடவும் எழுதவும் சலாம் சொல்லிக் கை கொடுக்கவும் வலது கை என்று படிந்தது. ஆனால் சுத்தியலோ திருப்புளியோ கேரம் போர்டோ எது வந்தாலும் அவனுக்கு இடது கைதான். வளர்ந்து மெஷின் பிடித்தபோதும் உம்மா விடவில்லை.

"பீச்சாங்கையால செய்த வேலைல பரக்கத் இருக்குமாலே?"

"மெஷினுக்கு அதெல்லாம் தெரியாதும்மா. கரண்ட் இருந்தாச் சுத்தும்" என்பான்.

அந்த மெஷினின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி உண்டு. திருகிக் கழற்றி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாட்டலாம். எல்லோரும் இடது பக்கம் மாட்டி, வலது கையால் பின்னால் விசையைப் பிடிப்பார்கள். தம்பி மட்டும் வலது பக்கம் மாட்டுவான். அவன் வைத்துவிட்டுப் போன மெஷினை வேறு யாராவது எடுத்தால் முதலில் ஒரு திட்டு, அப்புறம் கைப்பிடியைக் கழற்றுகிற வேலை.

சுற்றுகிற கம்பளிச் சக்கரம் பெயிண்டின் மேல் மிக மெல்லிய வளைகோடுகளை விட்டுவிட்டுப் போகும். நாங்கள் சுழி என்போம். உச்சி வெயிலில் அது தெரியாது. காலையில் வெயில் சாய்ந்து விழும்போது, நாமும் தலையைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும். மெஷினைப் பிடிக்கிற கை எந்தப் பக்கம் அழுத்துகிறதோ அந்தப் பக்கமாகச் சுழி சாய்ந்திருக்கும். வலது கைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே சாய்வு. தம்பிக்கு அதற்கு எதிர்ச் சாய்வு. எங்கள் கரையில் அப்படி ஒரு சாய்வு வேறு யாருக்கும் கிடையாது.

மழைக்காலம் முடிந்து படகுகள் தண்ணீரில் இறங்குகிற சமயம் அது. கருநீலப் படகு ஒன்று. படகுத்துறையில் உரசி ஒரு பக்கம் முழுக்கக் கீறல். காலையில் நான் டேப் ஒட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டுக்காரருக்குச் செம்பூரில் வேறு வேலை. தம்பி ஒற்றை ஆளாக நின்று அந்தப் பக்கத்தை முடித்தான். சாயங்காலம் வந்தவன், "கேஸ் பிடிச்சிருக்கு லாத்தா, சோறு வேண்டாம்" என்று சொல்லிப் படுத்தான். விடிகாலை பஜ்ருத் தொழுகைக்கு எழுப்பப் போனபோது அவன் இல்லை. உடம்பு மட்டும் இருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு நெஞ்சு நின்றுபோய்விட்டது என்றார். தலையில் ஒரு முடிகூட நரைக்காத வயது.

உம்மா அப்போது ரயிலில் இருந்தாள். ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். மறுநாள்தான் வந்து சேருவாள். மய்யத்தை அவ்வளவு நேரம் போட்டு வைக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். சாயங்காலத் தொழுகை அஸருக்குள் அடக்கம் என்று முடிவானது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, எங்களில் அதுதான் வழக்கம். முகத்தையாவது காட்டுவோம் என்று போனில் வீடியோ போட்டோம். பக்கத்து சீட்டுப் பெண் யாரோ உம்மாவுக்குப் போனைப் பிடித்துக் காட்டினாளாம். ரயில் சிக்னல் இல்லாத இடத்துக்குள் போனது. படம் அப்படியே நின்றுவிட்டது. கண் மூடி, வாய் லேசாகத் திறந்து, தலையணையில் ஒரு பக்கம் சாய்ந்த முகம். உம்மா கடைசியாகப் பார்த்தது அந்த நின்றுபோன படத்தைத்தான்.

மறுநாள் வந்து வாசலில் நின்று உம்மா சொன்ன முதல் வார்த்தையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

"தூங்கிக்கிட்டிருந்த புள்ளையக் கொண்டுபோய்ப் புதைச்சிட்டியளேட்டி."

துக்கத்தில் சொல்கிறாள், ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஆகவில்லை. அவள் அழவும் இல்லை, தம்பி பேரில் யாசீன் ஓதவும் விடவில்லை. ஒரு நாள் காய்ச்சல் என்று படுக்காத பிள்ளை, சாயங்காலம் வரைக்கும் வேலை செய்த பிள்ளை, எப்படிச் சாவான் என்பது அவள் கேள்வி. டாக்டர் சொன்னதைச் சொன்னால், "அவன் தூங்குனா அப்படித்தான் கெடப்பான். சின்னதுலயே மூச்சு இருக்கான்னு நான் மூக்குல கை வச்சுப் பாப்பேன். அந்த டாக்டருக்கு என்ன தெரியும்" என்பாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று மெதுவாகக் கேட்பாள்.

"முழிச்சிருப்பானோட்டி? முழிச்சா உம்மான்னு கூப்பிட்டிருப்பாம்லா?"

முதலில் சமாதானம் சொன்னேன். அப்புறம் கத்தினேன். அப்புறம் பாத்திரத்தைச் சத்தமாகத் தேய்த்தேன்.

தினமும் அஸர் பாங்கு சொன்னதும் உம்மா காணாமல் போக ஆரம்பித்தாள். எங்கே போகிறாள் என்று தேடிப் போனால் அவனை அடக்கிய கபர்ஸ்தான் சுவருக்கு வெளியே நிற்பாள். எங்கள் பெண்கள் உள்ளே போகிற வழக்கமில்லை. சுவரில் காதை ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் லாரி போனால் எரிச்சலோடு திரும்பிப் பார்ப்பாள். "ஏதும் சத்தம் கேக்கான்னு பாத்தேன்" என்றாள் முதல் நாள், ஏதோ அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவள் மாதிரி. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். இன்னொரு நாள் கூப்பிடப் போனவள் அவள் பக்கத்திலேயே நின்று நானும் கொஞ்ச நேரம் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கேட்டேனே, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அன்றைக்கு அவனைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றியபின் முகத்தைக் கிட்டே பார்த்தவள் நான். எனக்கே சந்தேகம் வந்தால் வீடு என்ன ஆகும்?

மெஷினை நான் எடுத்தது அந்த நாட்களில்தான். வீட்டுக்காரருக்கு இடுப்பில் டிஸ்க் நகர்ந்த தொல்லை, குனிந்து நிமிர்ந்து மெஷின் பிடிக்க முடியாது. தம்பி கடைசியாக வைத்த மூலையிலிருந்து எடுத்தேன். கைப்பிடி என் கைக்குச் சரியாக இருந்தது. அதைப் பற்றி நான் அப்போது யோசிக்கவே இல்லை.

அடுத்த மழைக்கு முன்னால் கருநீலப் படகு மறுபடி கரையேறியது. அதன் முதலாளி நல்ல மனிதர்தான். முன்பக்கமெல்லாம் கண்ணாடியாக இருக்கிறது, பின்பக்கம் மட்டும் வெயிலில் சிலந்திவலை மாதிரி தெரிகிறது, பார்த்துச் சரிசெய்யுங்கள் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் பூசுகிற மெழுகு சுழியை மறைத்துவிடும். உப்புத் தண்ணீரும் வெயிலும் சில மாதத்தில் மெழுகைத் தின்றதும் உள்ளே இருப்பது மேலே வரும். எனக்கு இது புதிதில்லை. ஆனால் அது தம்பி கடைசியாகச் செய்த படகு. மறுநாள் விடிந்ததும் தனியாகப் போனேன்.

வெயில் காடியின் மேல் வந்து படகின் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. நான் தலையைச் சாய்த்தேன். படகின் மூக்கிலிருந்து வரிசை வரிசையாக, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறி, அந்த எதிர்ச் சாய்வு. இடது கை. என் தம்பியின் கை. மண்ணுக்குள் போன கை இங்கே வெயிலில் வேலை செய்துகொண்டிருந்தது. சத்தமாக அவனைக் கூப்பிட்டுவிட்டேன். யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று. அழுதுகொண்டே கோடு கோடாகப் பார்த்தபடி நடந்தேன். எவ்வளவு அழகான வேலை, ஒரு இடத்திலும் பிசிறு இல்லை.

பாதி தாண்டியதும் சுழி திரும்பியது.

ஒரு சாண் இடைவெளியில் சாய்வு மறுபக்கம் மாறிவிட்டது. அங்கிருந்து பின்பக்கம் வரை வலது கை. அதுவும் பழகாத வலது கை. ஓரிடத்தில் அழுத்தம், ஓரிடத்தில் மெஷின் தானாகத் துள்ளிப் போயிருக்கிறது. முதலாளி சொன்ன சிலந்திவலை இதுதான். வேறு யாரோ முடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"அன்னைக்கு அவன்கூட வேற ஆளு யாரும் உண்டா?"

"யாரு இருக்கா? அவன் மட்டுந்தான். ஏன்?"

"மெஷின்ல கைப்பிடிய நீங்களா மாத்தி வச்சீங்க?"

"நான் அதைத் தொடவே இல்லியே. நீ எடுக்கிற வரைக்கும் அது மூலையிலதான கெடந்துச்சு" என்றார் வீட்டுக்காரர்.

அவனேதான் மாற்றியிருக்கிறான். வாழ்நாளில் ஒரு திருகாணியைக்கூட வலது கையால் முடுக்காதவன், படகின் பாதியில் நின்று, கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டி, வராத கையால் மிச்சத்தை முடித்திருக்கிறான். இடது கை தூக்க முடியாமல் வலித்திருக்கிறது. கேஸ் என்று அவன் சொன்னது அதன் பிறகு. டாக்டர் நெஞ்சு என்று சொன்னது அதற்கும் பிறகு.

உம்மாவிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று அன்று முழுக்க மனசு அல்லாடியது. சொன்னால், தூங்குகிறவனைப் புதைத்தோம் என்ற பயம் போகும். ஆனால் பிள்ளை சாயங்காலம் வரை வலியோடு நின்றான் என்பது அந்த இடத்தில் வந்து உட்காரும். எதை எடுத்து எதைக் கொடுப்பது? அஸர் ஆனதும் உம்மா செருப்பைத் தேடினாள். அதைப் பார்த்ததும் முடிவு பண்ணினேன். நாளைக்குக் காலையில் என்னோடு வா, அவன் கடைசியாகச் செய்த வேலையைக் காட்டுகிறேன் என்றேன்.

பஜ்ரு தொழுத கையோடு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். உம்மா அதுவரை எங்கள் வேலை நடக்கிற கரைக்கு வந்ததில்லை. சேற்று வாடைக்கு முக்காட்டை மூக்கில் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்படிப் பார்ப்பது என்று அவள் தலையைப் பிடித்துச் சாய்த்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை என்றாள். பிறகு தெரிந்துவிட்டது. முகம் மாறியது.

"இது அவனா செஞ்சது?"

"ஆமாம்மா. இப்படிச் சாஞ்சிருந்தா இடது கை."

"சனியன் புடிச்ச பீச்சாங்கை" என்றாள். சொல்லிக்கொண்டே உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். கோட்டின் போக்கிலேயே கையை ஓட்டிக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் போனேன். சுழி திரும்புகிற இடத்தில் அவளாகவே நின்றாள். அவ்வளவு சீக்கிரம் பார்த்துவிடுவாள் என்று நான் நினைக்கவில்லை.

"இது என்னட்டி, இங்ஙன மாறுது?"

"அதுலேர்ந்து வலது கைம்மா. அவன்தான்."

உம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அத்தனை மாதத்தில் முதல் சிரிப்பு. "பாத்தியா! எத்தனை வருசமா சொன்னேன். கடைசியில நான் சொன்னது காதுல ஏறிட்டுல்லா" என்றாள். பின்பக்கத்தைப் பெருமையாகப் பார்த்தாள்.

அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எந்தத் தாய்க்கு இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும்? ஆனால் இன்றைக்கும் அஸர் வரும். உம்மா இந்தச் சிரிப்போடேயே போய்ச் சுவரில் காதை வைப்பாள். சொன்ன பேச்சைக் கேட்கிற அளவுக்கு நன்றாக இருந்த பிள்ளையை அல்லவா புதைத்துவிட்டார்கள் என்று இன்னும் கூர்ந்து கேட்பாள்.

"உம்மா, அவன் உனக்காக மாத்தல. இடது கை வலிச்சிருக்கு. நெஞ்சு வலி அந்தக் கையிலதான் மொதல்ல வரும்னு டாக்டர்மார் சொல்லுதாங்கள்லா. தூக்க முடியாமத்தான் கைய மாத்திருக்கான்."

உம்மாவின் சிரிப்பு போக நேரம் எடுத்தது. நான் சொன்னது அவளுக்குக் கேட்டதா என்றே சந்தேகமாக இருந்தது. மாறுகிற இடத்தில் விரலை வைத்தாள். அங்கிருந்து பின்பக்கம் வரை மெதுவாக நடந்தாள். மெஷின் துள்ளிய இடங்களில் எல்லாம் நின்றாள். கடைசிவரை போய், திரும்பி, விரல் வைத்த இடத்துக்கே வந்தாள்.

"இவ்வளவு தூரமுமா?"

"ஆமாம்மா."

"நிறுத்திட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம்லா?"

"அப்போ அவன் தூங்கல" என்றாள் உம்மா. கேள்வியாகக் கேட்கவில்லை. அழுதுவிடுவாள் என்று நான் காத்திருந்தேன்.

"அழிச்சிரு" என்றாள்.

"இன்னும் நாள் இருக்கும்மா. முதலாளி அவசரப்படல."

"இப்பவே அழி. அவன் கூடப்பொறந்த ஒங்கிட்டயே சொல்லல. எங்கிட்டயும் சொல்லல. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நெனச்சிருக்கான். வெயிலு வந்தா ஊரே பாக்கிற மாதிரி அவன் வலி இங்ஙன பளபளன்னு நிக்கணுமா?"

எனக்கு இஷ்டமில்லை. அதைச் சொல்லவும் செய்தேன். உலகத்தில் அவனுடைய கை என்று மிஞ்சியிருப்பது இதுதான் என்றேன். முன்பக்கத்தைக் காட்டி, "அதை வச்சுக்கோ. அது நல்லா இருக்கிற கை" என்றாள் உம்மா. பேச்சு அதோடு முடிந்தது.

டேப் ஒட்டினேன். காம்பவுண்டு என்கிற தேய்ப்புப் பசையைத் தடவி, கம்பளிச் சக்கரத்தைக் கொஞ்சமாக ஈரப்படுத்தி, மெஷினைப் போட்டேன். உம்மா ஒரு கவிழ்த்த டிரம்மில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெயிண்ட் தேய்ந்து நீலக் குழம்பாகி என் கையிலும் காலிலும் தெறித்தது. அது வெறும் பெயிண்ட் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் துடைக்க மனசு வரவில்லை. பின்பக்கத்திலிருந்து தொடங்கி அவன் வந்த வழியிலேயே திரும்பி வந்தேன். துள்ளின இடங்கள் போயின, அழுத்தின இடங்கள் போயின. மாறுகிற இடத்தை மட்டும் ரொம்ப ஜாக்கிரதையாக, மெஷினை ஏறக்குறைய மிதக்கவிட்டு, அவனுடைய நல்ல கோடுகளோடு கலக்கவிட்டேன். என் வாழ்க்கையில் அதைவிட நன்றாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. கோபத்தில் செய்தேன். யார்மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வலிக்கிறது என்று ஒரு போன் போட்டிருக்கக்கூடாதா அவன்?

முடித்து, துடைத்து, மெஷினை நிறுத்தியபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. காதில் மட்டும் சத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உம்மா எழுந்து வந்தாள். படகில் எங்கள் இருவர் முகமும் தெரிந்தது. அவள் உள்ளங்கையால் மெதுவாகத் தடவிக்கொண்டே போய், நின்று, திரும்பி என்னைப் பார்த்தாள்.

"எங்ஙன மாத்துனான்? அந்த எடத்த ஒரு தடவை காட்டு."

நான் காட்டப் போனேன். நிச்சயமாக இங்கே என்று விரலை வைத்தேன். இல்லை, கொஞ்சம் முன்னால் என்று தோன்றியது. போன் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தேன். அவன் கோடு எங்கே முடிந்து என் வேலை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் நீலம் ஒரே சீராக இருந்தது. உம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லாத் தேடுட்டி" என்றாள். மூக்கிலிருந்து பின்பக்கம் வரை, பின்பக்கத்திலிருந்து மூக்கு வரை, நாங்கள் ரெண்டு பேரும் குனிந்து குனிந்து தேடிக்கொண்டிருந்தோம்.